துணி (சொல் வரலாறு)

துணி என்பது நெய்த ஆடையைக் குறிக்கும் தமிழ்ச் சொல். துண்டு, முடிவு, அஞ்சாமை ஆகிய பொருள்களும் இதே வேரைச் சார்ந்தவை. துணித்தல் என்றால் அறுத்தல். பழங்காலத்தில் தமிழர் அணிந்தவை பெரும்பாலும் தைக்கப்படாத ஆடைகள். ஆகவே இந்த அறுப்பு தையற்காரரின் கத்தரிக்கோலைச் சுட்டுவதாகத் தோன்றவில்லை. நெய்து முடிந்ததைத் தறியிலிருந்து பிரிக்கும் அறுப்பே அது.

ராசிபுரத்தில் இதைக் கண்ணால் காணலாம். 1997 வரை சேலம் மாவட்டத்திலும் பின்னர் நாமக்கல் மாவட்டத்திலும் அடங்கிய இவ்வூர் பட்டுச்சேலை நெசவுக்குப் பெயர்பெற்றது. பட்டு நெசவில் ஒரே பாவில் ஒன்றுக்கு மேற்பட்ட சேலைகள் அடுத்தடுத்து நெய்யப்படுவது வழக்கம். இரண்டு சேலைகளுக்கு நடுவே ஊடை ஓடாத வெறும் பாவிழை சிறிது விடப்படும். அங்கே அறுக்கும்வரை அது தறியின் ஒரு பகுதி. அறுத்த பிறகே அதற்கு நீளம், எடை, விலை எல்லாம். சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசி நெய்பவருக்கு, அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கணக்கு முடியும். பல நாள் உழைப்பு கையில் காசாவது அந்த ஓர் அறுப்பில்தான். பாவு முழுவதும் தீர்ந்தால், எஞ்சிய இழைமுனைகளோடு புதுப்பாவை இழை இழையாகப் பிணைத்து மீண்டும் தொடங்குவர்.

துணி மட்டுமல்ல, ஆடையைக் குறிக்கும் வேறு சொற்களும் அறுப்பிலிருந்து பிறந்தவை. தோளில் போடும் துண்டு வெளிப்படையானது. அறுவை பழையது. சங்கப் புலவர்களில் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அவர் துணி வணிகர். சிலப்பதிகார மதுரையில் அறுவை வீதி உண்டு. இன்றைய வாசகருக்கு அது மருத்துவமனைகள் நிறைந்த தெருவாகத் தோன்றக்கூடும். அறுவை என்றால் இப்போது சிகிச்சை, அல்லது தாங்க முடியாத பேச்சு. வேட்டியையும் வெட்டு என்பதிலிருந்து கொண்டார் தேவநேயப் பாவாணர். சுற்றுதலைக் குறிக்கும் வடசொல்லோடு இணைப்போரும் உண்டு. உடுக்கும் முறையை நோக்கினால் பின்னதற்கும் வலு இருக்கிறது.

எல்லா ஆடைச் சொற்களும் இவ்வழியில் வந்தவை அல்ல. கலிங்கம் ஒரு நாட்டின் பெயரும் ஆகும். உடை என்பது முள்மரம் ஒன்றையும் குறிக்கும். காய்ச்சிய பாலின் மேல் படிவதும் ஆடைதான்; பட்டோடு நெய்க்கும் பேர்போன ராசிபுரத்தில் இரண்டு ஆடைகளுக்கும் சந்தை உண்டு.

ஆங்கிலத்தின் 'சூட்' வேறு வழியில் வந்தது. கோட்டும் கால்சட்டையும் சேர்ந்த உடுப்பு, நீதிமன்ற வழக்கு, சீட்டுக்கட்டின் ஓர் இனம் என்று அதற்குப் பல பொருள். எல்லாவற்றுக்கும் மூலம் 'பின்தொடர்தல்' என்னும் பொருளுள்ள இலத்தீன் வினை. ஒன்றோடொன்று பொருந்தி வருவதால் அந்த உடுப்பு சூட் ஆனது.

துணிவு என்னும் மனநிலையும் அறுப்பிலிருந்தே வந்தது. ஐயத்தை அறுத்து ஒரு முடிவுக்கு வருவது துணிதல். பழைய நூல்களில் துணிபு என்றால் முடிந்த முடிவு. முடிவெடுத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் 'வெட்டி விலக்குதல்' என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்ததே. வீரம் என்ற பொருள் துணிவுக்குப் பின்னர் ஏறியதாகலாம். துணிச்சல் என்னும் சொல்லில் இன்று அந்தப் பொருளே மேலோங்கி நிற்கிறது.