உப்பும் ஞாபகமும்

ஓசூருக்குத் தெற்கே, கர்நாடக எல்லையை ஒட்டிய மேட்டுநிலத்தில் இருக்கும் தளியை, அதன் குளிர்ந்த சீதோஷ்ணம் கருதி ஆங்கிலேயர் 'சின்ன இங்கிலாந்து' என்று அழைத்தனர் என்பது அவ்வட்டாரத்தார் இன்றும் பெருமையோடு சொல்லும் செய்தி. பகல் முழுதும் வாங்கிய வெயிலை இரவில் சிறுகச் சிறுக வெளியிடும் தடித்த மண்சுவருக்குள் வாழ்ந்த பழைய குடியானவர், உஷ்ணத்தைச் சேமிப்பதை ஒரு சாஸ்திரமாக எண்ணியிருக்கமாட்டார். இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் கொய்மலர் மையம் கண்ட இதே தளியில், பகலில் புழுங்கி இரவில் வெப்பத்தை விரைந்து இழக்கும் பிளாஸ்டிக் கூரைப் பசுமைக்குடில்களைப் பார்ப்பவருக்கோ, சுவர் செய்த வேலையை இனி எந்தப் பொருள் செய்யும், செய்தாலும் எத்தனை காலம் செய்யும் என்ற கேள்வி எழாமல் இராது.

அக்கேள்வியை ஒரு வீட்டளவில் சோதித்தவர், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மரியா டெல்கெஸ் அம்மையார். 1948-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து டோவரில் அவர் வெப்ப ஏற்பாட்டை வகுத்த சூரிய வீட்டில், சுமார் 32 பாகை செல்சியஸில் உருகி உஷ்ணத்தை உட்கொண்டு, உறையும்போது அதைத் திருப்பித்தரும் கிளாபர் உப்பு டன் கணக்கில் டப்பாக்களில் அடைக்கப்பட்டிருந்தது. முதற்பருவத்தில் மெச்சத்தக்கதாய் நடந்த ஏற்பாடு, மூன்றாம் குளிர்காலத்திற்குள் சீர்குலைந்தது. ஏனெனில் உருகுந்தோறும் நீரை இழந்த உப்பு அடியில் படிய, நீர் மேலே நிற்க, மறுபடி உறையும்போது இரண்டும் முற்றும் கூடாமல், ஒவ்வொரு சுற்றிலும் கொள்சக்தி சிறிது குறைந்தது. டப்பாக்களும் அரித்துக் கசிந்தன. உரிய நேரத்தில் படிகமாக உறைவதற்கு வெண்காரம் உதவும் என்பதை அம்மையார் 1952-ல் வெளியிட்டார். வண்டலைத் தடுக்கப் பிற்பாடு களிமண்ணும் கலந்து பார்த்தார். மண்சுவர்க்காரர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

அலமாரியில் இறுக மூடி வைத்த உப்பு கெடுவதில்லை. கெடுவது உழைக்கும் உப்பே. திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஞாபகமும் அப்படியே; நாடிழந்தோரின் கூட்டு ஞாபகத்தை ஆராயப் புகும் மாணவர் இதைக் கருத்தில் கொள்வது நலம். ஞாபகம் தனிமனிதனின் பெட்டகமன்று, அது சமூகத்தின் ஆதரவில் நிற்பது என்று 1925-லேயே எழுதிய பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ், 1945-ல் புச்சென்வால்டு வதைமுகாமில் மாண்டார். 'கூட்டு நினைவு' பற்றிய அவரது நூல் 1950-ல்தான் அச்சேறியது.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் கடல் கடந்து தமிழகம் வந்த இலங்கைத் தமிழர் பலர், மண்டபம் முகாமில் பதிவாகி, மாவட்டந்தோறும் பிரித்து அனுப்பப்பட்டனர். கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அவர்களுக்கு முகாம்கள் உண்டு. 2021-ல் தமிழக அரசு அவற்றை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அங்கே அதிகாரிக்கும் செய்தியாளருக்கும் பல்லாண்டு சொல்லிச் சொல்லி வடிவு பெற்ற வரலாறு மேலே தெளிந்து நிற்க, படகுக் கூலிக்கு விற்ற தோடு, கைவிட்ட கிணறு, தலைக்கணக்குக்கு நின்ற வரிசை ஆகியவை அடியில் தங்கிவிடக்கூடும். ஒருவரைத் தனியே அமர்த்திக் கேள்வித்தாளை நீட்டுவதைவிட, உறவினர் நாலைந்துபேர் ஒருவரையொருவர் திருத்தியபடி பேசும் திண்ணையில் ஓரமாய் அமர்வதே தக்க முறை என்பது என் துணிபு. 1983-ல் பத்து வயதினராய்ப் படகேறியவர் இன்று ஐம்பதைத்தான் கடந்திருக்கிறார். அவரை அழைத்து வந்தவர்களுக்கோ எண்பதாகிறது.