துணி ஓரம் (நாடா இல்லாத் தறிகளில்)

நெய்த துணியின் இரு பக்கங்களிலும் பாவு நூல்களுக்கு இணையாக அமையும், பிரியாத விளிம்பு. வழக்கில் 'கரை' என்றும் சொல்வர். சேலையின் அலங்காரக் கரை வேறு.

நாடாத் தறியில் ஊடை அறுபடாமல் திரும்புவதால் ஓரம் தானே கட்டிக்கொள்ளும். 1953-இல் சந்தைக்கு வந்த சுல்சர் புரொஜெக்டைல் தறியிலும், இன்று பல்லடம் வட்டாரத்தில் ஓடும் ரேப்பியர், ஏர்ஜெட் தறிகளிலும் ஒவ்வோர் ஊடையும் தனித்தனியே வெட்டப்படுவதால் நுனிகள் பிரிந்து நிற்கும்.

கட்டும் முறைகள்: லெனோ முறையில் இரு பாவு இழைகள் ஒன்றையொன்று பின்னி ஊடையை இறுக்கும். மடிப்பு முறையில் வெட்டிய நுனியை ஊசியோ காற்றோ அடுத்த ஊடையோடு உள்ளே செருகும். அங்கே ஊடை இரட்டிப்பதால் ஓரம் தடிக்கும். ஓரப் பாவு இழைகளைக் குறைத்தோ மெல்லிய நூலிட்டோ சரிசெய்வர்.

மேம்பாடு: லெனோ நூலின் இழுவிசை தளர்ந்தால் ஓரம் பிரியும், மிகுந்தால் சுருங்கும். அதிவேகத்தில் இழுவிசையைச் சீராக வைப்பதே முதல் தேவை. ரேப்பியர் தறியில் ஊடை நுனிகளைப் பிடிக்கும் பொய்க்கரை வெட்டிக் கழிக்கப்படுகிறது. அதன் அகலம் குறைந்தால் நூல் மிஞ்சும்.

சாயப்பட்டறையின் ஸ்டென்டர் இயந்திரம் துணியை ஓரத்தில்தான் பற்றி இழுக்கும். வலுவற்ற ஓரம் அங்கே கிழியும்.