கர்லாக்கட்டை ஒலிம்பிக் போன கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

போன எபிசோடுக்குக் கீழே நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க: "ஜிம்முக்கு வரலாறு இருக்கா?" இருக்கு. ஆனா முழு ஜிம்மையும் ஒரே எபிசோடில் அடக்க முடியாது. அதனால இன்னைக்கு ஒரே ஒரு உறுப்பு, தோள்பட்டை. ஆரம்பிக்கிறது என் தோள்பட்டையில இருந்து.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஊரப்பாக்கத்துல, ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டின ஒரு ஜிம்முல சேர்ந்தேன். நோக்கம் ரொம்ப சிம்பிள். சட்டை போட்டா தோள் தெரியணும், உருண்டு திரண்டு கல்லு மாதிரி இருக்கணும். அதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி ஷோல்டர் பிரஸ். வாரத்துக்கு ரெண்டரை கிலோ ஏத்துவேன், ஏத்தினதை ஃபோன்ல குறிச்சு வைப்பேன். எடை தூக்க முடியாம திணறினா, இடுப்பைக் கொஞ்சம் பின்னால வளைச்சுத் தூக்குவேன். எண் ஏறிச்சு, மனசும் ஏறிச்சு.

நாலாவது மாசம் ஒரு காலை. தாம்பரம் பக்கம் போற மின்சார ரயில்ல, தொங்குற கைப்பிடியைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன். கை பாதி வழியில நின்னுடுச்சு. உள்ளே ஊசி குத்தின மாதிரி ஒரு வலி. அன்னைக்கு இடது கையாலதான் பிடிச்சுக்கிட்டுப் போனேன். அடுத்த ஆறு வாரமும் அப்படித்தான். பிசியோதெரபிஸ்ட் பார்த்துட்டுச் சொன்னது இதுதான்: "வெளியில தெரியுற தசை வளர்ந்திருக்கு. உள்ளே மூட்டைப் பிடிச்சு வைக்கிற சின்னத் தசைங்க அந்த அளவுக்கு வரல."

வலி குறைஞ்சதும், எங்க தெருவுல பசங்களுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்கிட்ட இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் வீட்டு மூலையில இருந்து ஒரு மரக்கட்டையை எடுத்து என் கையில கொடுத்தார். பிடி ஒல்லி, போகப் போகத் தடிமன்.

"தம்பி, உனக்குத் தூக்கத் தெரியுது. சுத்தத் தெரியலையே."

கர்லாக்கட்டை. மூணு கிலோ இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. பத்துச் சுத்து முடிஞ்சதும் சிரிப்பு நின்னுடுச்சு.

அப்போ வந்த கேள்விதான் இந்த எபிசோட். இந்தக் கட்டை எங்க இருந்து வந்தது? நான் காசு கட்டிப் போன ஜிம்முல இது ஏன் இல்லை?

தாலிம்கானாவில் இருந்து லண்டனுக்கு

தோளைக் கொண்டாடுறது நமக்குப் புதுசு இல்லை. இராமன் மிதிலைத் தெருவுல வர்றப்போ, பார்த்தவங்க கண்ணு அவன் தோளைவிட்டு நகரலன்னு கம்பர் பாடியிருக்கார். எங்க செங்கல்பட்டு வட்டாரத்துல ஒரு ஊருக்கே மல்லன் பெயர்தான். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு 'மாமல்லன்' என்று பட்டம். மாமல்லபுரம் அதில் இருந்து வந்த பெயர்.

தோளை வளர்க்க நம்ம ஊர்ல ரெண்டு வழி இருந்தது. ஒண்ணு தூக்குறது. தென் மாவட்டங்கள்ல இன்னைக்கும் பொங்கல் சமயத்துல இளவட்டக்கல் தூக்குறாங்க. உருண்டையான, பிடிமானமே இல்லாத கல். அதை முழங்காலுக்கு, நெஞ்சுக்கு, தோளுக்கு ஏத்திப் பின்னால போடணும். இன்னொண்ணு சுத்துறது. அதுதான் கர்லாக்கட்டை. மல்யுத்தமும் சிலம்பமும் பழகுறவங்க இதைத் தலைக்குப் பின்னால, முதுகை ஒட்டி இறக்கி, தோளைச் சுத்தி முன்னால கொண்டு வருவாங்க. பழகுற இடத்துக்குத் தமிழ்ல 'தாலிம்கானா' என்று பெயர் இருந்தது. 'தாலிம்' என்றால் அரபியில் கற்பித்தல், 'கானா' என்றால் பாரசீகத்தில் வீடு. வடக்கே அகாடா, அங்கே கட்டைக்கு முக்தர், ஜோரி என்று பெயர்கள். ஈரானிலும் இதே குடும்பத்துக் கட்டை உண்டு, பெயர் மீல். அதனால "இது முழுக்க முழுக்க எங்களுடையது" என்று யாராவது மார் தட்டினா, கொஞ்சம் நிதானிச்சுக்கோங்க. மல்லர்கள் போன பாதையெல்லாம் கட்டையும் போயிருக்கு.

இந்தியாவுல இருந்த பிரிட்டிஷ் படை அதிகாரிகள் இதைப் பார்த்து, தங்கள் வீரர்களோட பயிற்சியில சேர்த்துக்கிட்டாங்க. 1834-ல் லண்டனில் டொனால்ட் வாக்கர் ஆண்களுக்காக எழுதிய உடற்பயிற்சிப் புத்தகத்தில் 'இந்தியக் கட்டை'களுக்கு இடம் கொடுத்தார். அடுத்த வருஷமே பெண்களுக்கான புத்தகமும் வந்தது. அதுல எடை குறைஞ்ச கட்டைகளுக்கு 'இந்தியச் செங்கோல்' என்று பெயர் வச்சார்! 1866-ல் நியூயார்க்கில் சிம் கீஹோ என்பவர் இந்தக் கட்டைகளுக்காகவே ஒரு புத்தகம் போட்டார், கட்டைகளைத் தயாரிச்சும் வித்தார். பள்ளிக்கூடம், ராணுவம், ஜிம்னேசியம் என எல்லா இடத்துக்கும் கட்டை போய்ச் சேர்ந்தது.

அப்புறம் ஒலிம்பிக். 1904 செயின்ட் லூயிஸ் போட்டியில் ஜிம்னாஸ்டிக்ஸ் பிரிவில் கட்டை சுழற்றுவது ஒரு பந்தயம். அமெரிக்கரான எட்வர்ட் ஹென்னிக் தங்கம் வாங்கினார். 28 வருஷம் கழிச்சு, 1932 லாஸ் ஏஞ்சலஸில் மறுபடி வந்தது. பதக்கம் வாங்கின மூணு பேரும் அமெரிக்கர்கள். 'இந்தியக் கட்டை' பந்தயத்தில் ஒரு இந்தியர்கூட இல்லை. ஜெயிச்ச ஜார்ஜ் ராத், பெருமந்த காலத்தில் வேலை இல்லாமல் இருந்தவர். பெரிய அரங்கத்தில் பதக்கம் வாங்கிட்டு, அதைப் பையில் போட்டுக்கிட்டு, ரோட்டில் லிப்ட் கேட்டு வீடு போய்ச் சேர்ந்தாராம். அதுக்கு அப்புறம் அந்தப் பந்தயம் ஒலிம்பிக்கில் வரவே இல்லை.

எண் வந்தது, கட்டை போனது

அந்த அளவுக்குப் பரவின ஒரு சாமான் ஏன் காணாமல் போச்சு?

1901-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் யூஜின் சாண்டோ ஒரு போட்டி நடத்தினார். யார் அதிகம் தூக்குறாங்க என்பது இல்லை, யார் உடம்பு அழகு என்பதுதான் கேள்வி. நடுவர்களில் ஒருத்தர் ஷெர்லாக் ஹோம்ஸை எழுதின ஆர்தர் கானன் டாயில். 1904-05-ல் சாண்டோ இந்தியாவுக்கும் வந்துபோனார். அவர் பெயரே இங்கே பட்டமாயிடுச்சு. எம்.ஜி.ஆர். படங்களைத் தயாரிச்ச கோயம்புத்தூர்க்காரர் சாண்டோ சின்னப்பா தேவர் பெயருக்கு முன்னால் இருக்கிறதும் அந்த ஜெர்மன்காரர் பெயர்தான். இனிமேல் உடம்புன்னா கண்ணாடியில் தெரியுறது.

1902-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆலன் கால்வர்ட் 'மைலோ' பார்பெல் கம்பெனியை ஆரம்பிச்சார். எடையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பார்பெல்லை வித்தார். என் கருத்துல, கர்லாக்கட்டையை வீழ்த்தினது இதுதான். கட்டையோட எடை செதுக்கும்போதே முடிவாயிடும். அடுத்த எடை வேணும்னா அடுத்த மரம் வேணும். பார்பெல்லில் இன்னைக்கு 40, அடுத்த வாரம் 42.5. எண் இருக்கு. எண் இருந்தா சாதனை இருக்கு, போட்டி இருக்கு, விற்பனையும் இருக்கு.

நம்ம பக்கத்துப் பள்ளிகள்ல வேற ஒரு மாற்றமும் நடந்தது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920-ல் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பிச்சார். இன்னைக்கு நந்தனத்தில் இருக்கிற அதே கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடும் அவர் போனார். கூடைப்பந்து, கைப்பந்து ரெண்டும் அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ.வில் பிறந்த விளையாட்டுகள். பி.டி. பீரியட்ல பந்து வந்தது. ஒரு வகுப்புக்கு ஒரு பந்து போதும், ஆளுக்கு ரெண்டு கட்டை வேண்டாம்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஒலிம்பிக் பளுதூக்குதலில் ஒரு காலத்தில் மூணு முறைகள் இருந்தன. அதில் ஒண்ணு 'பிரஸ்': எடையை நெஞ்சு வரை கொண்டுவந்து, முழங்காலை மடக்காம, தோள் பலத்தால் மட்டும் தலைக்கு மேல் தள்ளணும். தோளுக்கென்றே இருந்த சோதனை அது. ஆனா சாதனை எண்ணைக் கூட்டணுமே? வீரர்கள் கொஞ்சம் கொஞ்சமா முதுகைப் பின்னால் சாய்க்க ஆரம்பிச்சாங்க. சாஞ்சா நெஞ்சுத் தசையும் உதவிக்கு வரும். எது சரி, எது தப்பு என்று நடுவர்களால் ஒரே மாதிரி தீர்ப்புச் சொல்ல முடியல. முதுகுக்கும் ஆபத்து. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோட 'பிரஸ்' தூக்கப்பட்டது.

இதைப் படிச்சப்போ எனக்குக் கூச்சமா இருந்தது. உலகச் சாம்பியன்கள் செஞ்ச அதே தப்பைத்தான் நான் ஊரப்பாக்கத்துல 30 கிலோவை வச்சுக்கிட்டு செஞ்சிருக்கேன். எண் ஏறினது உண்மை. தோள் ஏறல, முதுகு வளைஞ்சது.

சரி, தோளுக்கு என்ன வேணும்?

தோளைப் போர்த்தியிருக்கிற டெல்டாய்டு தசைக்கு மூணு பகுதி: முன், பக்கம், பின். பிரஸ் பெரும்பாலும் முன்பகுதிக்குத்தான் வேலை கொடுக்கும். அதுக்கு அடியில் ரொட்டேட்டர் கஃப் என்கிற நாலு சின்னத் தசைகள். தோள் மூட்டில் பந்து பெருசு, கிண்ணம் ஆழம் குறைவு. அதனாலதான் கை எல்லாப் பக்கமும் சுத்துது. அதனாலதான் சீக்கிரம் கெட்டும் போகுது. பந்தைக் கிண்ணத்தில் நிறுத்தி வைக்கிறது அந்த நாலு தசைகள்தான். கர்லாக்கட்டையில் கனம் கையில் இருந்து தள்ளி, நுனியில் இருக்கு. சுத்தும்போது அது கையை வெளியே இழுக்கும். நாலு தசையும் ஒவ்வொரு சுத்துக்கும் அதை எதிர்த்து மூட்டைப் பிடிக்கணும். என் மூணு கிலோ ரகசியம் அதுதான்.

ஆனா உண்மையைச் சொல்லிடணும். தோள் பெருசாகணும், அடர்த்தியாகணும்னா சுமை படிப்படியா ஏறணும். அதில் கர்லாக்கட்டை பார்பெல்லுக்கும் டம்பெல்லுக்கும் ஈடாகாது. நான் ஜிம்மை விடல. வாரத்துக்கு ரெண்டு நாள் தோள். முதுகை வளைக்காம தள்ள முடிஞ்ச எடையில் பிரஸ், டம்பெல்லைப் பக்கவாட்டில் தூக்குறது, குனிஞ்சு பின்தோளுக்கு ஒண்ணு. ஆரம்பிக்கும் முன்னாடி அஞ்சு நிமிஷம் கட்டை. எடை ஏறாத வாரம் ஏறாமலே இருக்கட்டும். உங்களுக்கு ஏற்கெனவே தோள் வலி இருந்தா, என் பேச்சைக் கேட்டுக் கட்டையை எடுக்காதீங்க, முதல்ல டாக்டரைப் பாருங்க.

இப்போ அதே கட்டை வெளிநாட்டு பிராண்டு பெயரில் நமக்கே ஆன்லைனில் விற்பனைக்கு வருது. கோபப்பட ஒண்ணும் இல்லை. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி, உங்க ஏரியாவில் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் யாராவது இருக்காங்களான்னு ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க. கட்டை கடையில் கிடைக்கும். சுத்துறதை ஒருத்தர் கூட நின்னு காட்டணும்.

போன வாரம் வாத்தியார்கிட்ட கேட்டேன், "சார், இதுல எத்தனை கிலோ வரைக்கும் போகணும்?"

"எத்தனை கிலோன்னு கேக்காத தம்பி. எத்தனை வயசு வரைக்கும்னு கேளு."

அவருக்கு 70 தாண்டிடுச்சு. ரயில்ல மேல் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுதான் நின்னு வர்றார். நானும் இப்போ வலது கையால பிடிக்கிறேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்க வீட்டுப் பரணில் பழைய கர்லாக்கட்டை கிடந்தா, அது யாருடையதுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எங்களுக்கு எழுதுங்க.