அந்த 3 நொடி யாருடையது?

போன மாசம் ஒரு ஞாயிறு சாயங்காலம். நைட் டூட்டி முடிச்சு தூங்கி எழுந்து, திருமழிசை பக்கம் ஒரு கல்லூரி மைதானத்துல சித்தி பையன் ஆடுற பாஸ்கெட்பால் டோர்னமெண்ட் பார்க்கப் போனேன். ஒரு பாயிண்ட் பின்தங்கி இருந்தாங்க, 2 நொடி பாக்கி. பந்து உள்ளே வர்றதுக்கு முன்னாடியே கடிகாரம் ஓடிடுச்சுன்னு பெரிய சண்டை. நடுவர் ஏத்துக்கலை. "அண்ணா, அந்த ஒரு செகண்ட் இருந்தா ஜெயிச்சிருப்போம்"னு அழுதான்.

அவனுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

1972 மியூனிக் ஒலிம்பிக். செப்டம்பர் 9, இரவு 11.45க்குத் தொடங்கிய இறுதி ஆட்டம். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும். அதுவரை ஒலிம்பிக் கூடைப்பந்தில் அமெரிக்கா ஆடிய 63 ஆட்டங்களிலும் வெற்றிதான்.

3 நொடி பாக்கி. டக் காலின்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார். அமெரிக்கா 50, சோவியத் 49. இரண்டாவதைப் போடும்போதே மேஜையிலிருந்து ஹாரன் அடித்தது. "டைம் அவுட் கேட்டோம், கொடுக்கலை"ன்னு சோவியத் தரப்பு மேஜைக்கு ஓடியது. அந்தக் களேபரத்தில் 1 நொடி இருக்கும்போது ஆட்டம் நின்றது.

அப்போதுதான் வில்லியம் ஜோன்ஸ் இறங்கி வந்தார். சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனத்தின் பொதுச் செயலாளர். நடக்கும் ஆட்டத்தில் தலையிட விதிப்படி அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனாலும் 3 நொடிக்குத் திருப்புங்க என்றார்.

கடிகாரத்தைச் சரியாகத் திருப்பி முடிக்கும் முன்பே பந்தை உள்ளே விட்டுவிட்டார்கள். ஹாரன் அடித்தது, அமெரிக்கர்கள் துள்ளிக் குதித்தார்கள். "இது செல்லாது, மறுபடியும் 3 நொடி!" இம்முறை எடெஷ்கோ மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து எறிந்த பந்தை அலெக்சாண்டர் பெலோவ் பிடித்து வளையத்தில் போட்டார். 51-50.

பிரேசில் நடுவர் ரிகெட்டோ ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட மறுத்தார். மேல்முறையீட்டுக் குழு 3-2 என்று அமெரிக்காவின் புகாரைத் தள்ளியது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை.

சோவியத்தின் டைம் அவுட் கோரிக்கையில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனா அதைத் திருத்த வேண்டியது நடுவர். கேலரியில் இருந்தவர் வந்து திருத்தினதால, 50 வருஷம் தாண்டியும் அந்தப் புண் ஆறலை.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கு. 2022 பர்மிங்காம் காமன்வெல்த், மகளிர் ஹாக்கி அரையிறுதி. ஆஸ்திரேலியாவோடு 1-1, பெனால்டி ஷூட் அவுட். ரோசி மலோனின் முதல் முயற்சியை சவிதா தடுத்தார். "கடிகாரம் ஓடவே இல்லை, திரும்ப எடுங்க"ன்னு அறிவிப்பு. மறுமுறை மலோன் கோல் போட்டார். 3-0 என்று இந்தியா தோற்றது. இங்கே சர்வதேச ஹாக்கி சம்மேளனம் தவறை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நம்ம பெண்கள் அடுத்த ஆட்டத்தில் நியூசிலாந்தை வென்று வெண்கலத்தோடு வந்தார்கள்.

இப்ப டாக்டரா ஒரு விஷயம். கண் பார்த்து, மூளை புரிஞ்சு, விரல் பட்டனை அமுக்க சுமார் 0.2 நொடி ஆகும். யார் உட்கார்ந்தாலும் அப்படித்தான். அதனாலதான் 0.3 நொடிக்குக் குறைவாக இருந்தால் பந்தைப் பிடித்து எறிய முடியாது, தட்டிவிடலாம் என்று விதியே வந்தது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் நடுவரின் விசில் சத்தத்துக்கே கடிகாரம் நிற்கும் கருவியும் வந்துவிட்டது.

எங்க வார்டுல சிபிஆர் நடக்கும்போது ஒருத்தருக்கு நேரம் பார்க்கிறது மட்டும்தான் வேலை. 2 நிமிஷம் ஆனா "ஆள் மாறுங்க"ன்னு அவர் சொல்லணும், மத்தவங்க கேட்கணும். நெஞ்சை அமுக்குறவருக்கு நேரம் தெரியாது. அது யாருன்னு முன்னாடியே சொல்லி வச்சிருப்போம். வாசல்ல நிக்கிற பெரிய மனுஷன் யாரும் அதை மாத்த முடியாது.

டோர்னமெண்ட் நடத்துறவங்களுக்கு ஒரே வேண்டுகோள். மேஜையில உட்கார வைக்கிற பசங்களுக்கு முதல் நாளே ஒரு மணி நேரம் பயிற்சி கொடுங்க. கடிகாரம் தப்பினா யார் திருத்தணும், எப்படித் திருத்தணும்னு ஆட்டம் தொடங்கும் முன்னே ரெண்டு கேப்டன்கிட்டயும் சொல்லிடுங்க.

தப்பு நடக்கும். ஆனா தோத்தவன் "என்னை ஏமாத்திட்டாங்க"ன்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. என் தம்பி அன்னைக்கு அப்படித்தான் போனான்.