பத்தாவியா ஓவியமும் தஞ்சைப் பஞ்சமும்

நெதர்லாந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பழைய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று உள்ளது. உயரம் 108 சென்டிமீட்டர்; அகலம் ஏறத்தாழ 151 சென்டிமீட்டர். 1661ஆம் ஆண்டளவில் அதனைத் தீட்டியவர் ஆந்திரியஸ் பேக்மன். கீழைநாடுகளுக்கு நேரில் வந்து சென்றவர். ஓவியம் காட்டுவது இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவை. பின்னே கோட்டை, இடையே ஆறு, முன்னே தென்னை மரங்களும் சந்தை இரைச்சலும். பல இனத்தார் அங்கே கூடி நிற்கின்றனர். ஏவலர் குடை பிடிக்க இணையர் ஒருவர் உலவுகின்றனர்.

பத்தாவியா 1619இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அமைத்த நகர். சிலிவுங் ஆற்றை நேராக்கி, குறுக்கும் நெடுக்குமாகக் கால்வாய்கள் வெட்டித் தம் தாயகத்தையே வெப்பநாட்டில் நட்டுவைக்க முயன்றனர். மார்சிலிங்கிலிருந்து தேக்காவுக்கு வரும் மாணவர் காணும் ரோச்சோர் கால்வாய் மழைநீரை வடிப்பது. பத்தாவியாவின் கால்வாய்களோ சரக்குப் படகுகள் ஊர்ந்த தெருக்கள்.

இவ்வோவியம் கம்பெனியின் ஆம்ஸ்டர்டாம் தலைமையகத்தில், இயக்குநர்கள் கூடும் மன்றத்தில் மாட்டப்பெற்றிருந்தது. தம் உடைமையின் செழிப்பைத் தாமே கண்டு மகிழ்வதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட கண்ணாடி அது எனலாம். கூலி பெற்ற சாட்சி எல்லாவற்றையும் சொல்லுவதில்லை. வரலாறு பயிற்றுவோர் இத்தகைய ஓவியங்களை வகுப்பில் காட்டும்போது இதனை மறத்தலாகாது.

ஓவியம் சொல்லாத செய்தி சோழ மண்டலக் கரையில் இருக்கிறது. பழவேற்காட்டில் 1613 முதல் டச்சுக்காரருக்குக் கோட்டை இருந்தது; 1658இல் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். அடுத்த ஆண்டே பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாயக்கர் நாட்டிற் புகுந்தன. வயல்கள் பாழாயின, பஞ்சம் பரவியது. காவிரி பாயும் நாட்டில் சோற்றுக்கு வழியின்றி மக்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றனர். 1659 முதல் 1661 வரை 8,000 முதல் 10,000 பேர் வரை கம்பெனி அடிமைகளாக வாங்கியது என்பது ஆய்வாளர் கணக்கு. பெரும்பாலோர் இலங்கைக்கும், ஒரு சிறு பகுதியினர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் கப்பலேற்றப்பட்டனர். பேக்மன் தூரிகை பிடித்த காலமும் இதுவே!

இவர்களுக்கு முன்னரும் சோழ மண்டலத்தார் அங்குச் சென்றதுண்டு. பத்தாவியா தோன்றிய முதல் முப்பதாண்டுகளில் அந்நகரின் உழைப்பில் பெரும்பங்கு இந்திய, அரக்கான் அடிமைகளுடையது. அவர்களுள் விடுதலை பெற்றுக் கிறித்தவராகிப் போர்த்துக்கீசியம் பேசியோர் ‘மார்டைக்கர்’ எனப்பட்டனர். ‘மகர்த்திக’ என்னும் வடசொல் மலாயில் ‘மெர்டேக்கா’ ஆயிற்று. அதிலிருந்து பிறந்ததே இப்பெயர். காலாங் படுகையின்மீது 1956இல் திறக்கப்பெற்ற பாலம் தாங்கி நிற்பதும் அச்சொல்லையே.

கால்வாய்கள் கம்பெனியாருக்கு நெடுங்காலம் உதவவில்லை. வண்டல் படிந்து நீர் தேங்கியது, கொசு பெருகியது, பதினெட்டாம் நூற்றாண்டில் காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. ஆளுநர் டேன்டெல்ஸ் காலத்தில், 1809ஆம் ஆண்டளவில், கோட்டை இடிக்கப்பட்டது. அதன் கற்கள் தெற்கே எழுந்த புதிய குடியிருப்புக்குப் பயன்பட்டன. ராஃபிள்ஸ் 1811இல் சாவகத்தை ஆள வந்தபோது ஓவியத்திலுள்ள அக்கோட்டை அங்கு இல்லை.