ஒடுங்கிய பண நிரம்பலின் அளவீடு: ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம்

பொதுமக்கள் கையிலுள்ள நாணயத்தாள்களும் குத்திகளும், காசோலை மூலம் வேண்டியபோது பெறத்தக்க கேள்வி வைப்புக்களும் சேர்ந்த தொகையே ஒடுங்கிய பண நிரம்பல் எனப் பொதுவாக வரையறுக்கப்படும். சேமிப்பு, தவணை வைப்புக்களையும் சேர்க்கும்போது விரிந்த பண நிரம்பல் பெறப்படும். உடனடியாகச் செலவிடத்தக்க பணத்தின் அளவைக் காட்டுவதால், விலைமட்டமும் வருமானமும் செல்லும் திசையை முன்னையது உணர்த்தும் எனப் பொருளியலாளர் பலர் கருதினர். ஆயின், எது பணம் என்பதைத் தீர்மானியாது பணத்தை அளத்தல் இயலாது. அத்தீர்மானம் எத்துணை நிலையற்றது என்பதற்கும், அதன் விளைவுகள் எவரைச் சென்றடையும் என்பதற்கும் ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு தக்க சான்றாகும்.

1911இல் இர்விங் பிஷர் தமது பணக் கணியச் சமன்பாட்டில் நாணயத்தையும் காசோலை வைப்பையும் தனித்தனிக் குறியீடுகளால் குறித்தார். 1933ஆம் ஆண்டின் வங்கிச் சட்டம் கேள்வி வைப்புக்களுக்கு வட்டி வழங்குவதைத் தடைசெய்தது. இதனால், வட்டி பெறாதது செலவுக்குரிய பணம், வட்டி பெறுவது சேமிப்பு என்ற எல்லைக்கோடு தெளிவாயிற்று. எம்-1 எனப்பட்ட ஒடுங்கிய அளவீடு இக்கோட்டிலேயே தங்கியிருந்தது. ஆயினும், 1963இல் வெளிவந்த ஆய்வில் மில்ற்றன் பிறீட்மனும் அன்னா சுவாட்ஸும் வர்த்தக வங்கிகளின் தவணை வைப்புக்களையும் பணமாகவே கணித்தனர். 1929க்கும் 1933க்குமிடையே பண இருப்பு மூன்றிலொரு பங்குக்கு மேல் சுருங்கியதென அவர்கள் காட்டியது இவ்விரிந்த அளவீட்டினாலேயாகும்.

1970களின் பணவீக்கம் அக்கோட்டை அழித்தது. வட்டி பெறாத வைப்பில் பணத்தை வைத்திருத்தல் நட்டமாயிற்று. 1972இல் மசசூசெட்ஸ் மாநிலச் சேமிப்பு வங்கிகள் வட்டியுடன் காசோலையை ஒத்த ஆணைகளையும் வழங்கும் கணக்குகளைத் தொடங்கின. சட்டத்தில் அவை சேமிப்பு. வழக்கத்தில் அவை பணம். 1980 பெப்ரவரியில் மத்திய வங்கியான பெடரல் றிசேர்வ், எம்-1ஏ, எம்-1பீ என இரு அளவீடுகளை அமைத்து, பின்னையதில் மட்டும் இக்கணக்குகளைச் சேர்த்தது. 1981 ஜனவரியில் அவை நாடெங்கும் அனுமதிக்கப்பட்டன. சேமிப்பிலிருந்து பெயர்ந்த தொகையை மதிப்பிட்டுக் கழித்த திருத்திய எண்ணொன்றும் அவ்வாண்டு கணிக்கப்பட்டது. ஒரே பணத்தின் வளர்ச்சியை ஒவ்வோர் எண்ணும் வெவ்வேறாகக் கூறியது.

இக்குழப்பம் நிலவிய காலத்திலேயே அவ்வெண் கொள்கையின் இலக்காகவும் உயர்த்தப்பட்டது. 1979 ஒக்டோபர் 6ஆம் திகதி, பெடரல் றிசேர்வின் தலைவர் போல் வொல்க்கர், வட்டிவீதத்தை விடுத்துப் பண வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் முறையை அறிவித்தார். வட்டிவீதங்கள் 20 சதவீதத்தை எட்டின. 1980 மார்ச்சில் 14.8 சதவீதமாயிருந்த பணவீக்கம் 1982 இறுதியில் 4 சதவீதத்திலும் குறைந்தது. அதே வேளை வேலையின்மை 10.8 சதவீதமாயிற்று. பண இலக்கு என்பது உயர் வட்டியை மறைத்த திரையே என வாதிடுவோரும் உளர். திரையாயினும் இலக்காயினும், அதன் பாரத்தைச் சுமந்தவர் தொழில் இழந்தோரேயாவர்.

1982இல் மற்றொரு முரண்பாடு தோன்றியது. பொருளாதாரம் வீழ்ந்திருக்க, எம்-1 விரைந்து வளர்ந்தது. பல்லாண்டுகளாக உயர்ந்து வந்த பணத்தின் சுற்றோட்ட வேகம் வீழ்ச்சியடைந்தது. மக்கள் செலவிடுவதற்கன்றிச் சேமிப்பதற்கும் இக்கணக்குகளைப் பயன்படுத்தியமை இதற்கொரு காரணமாகும். இலக்கை எழுத்துப்படி பின்பற்றியிருந்தால் பணத்தை மேலும் இறுக்க நேர்ந்திருக்கும். ஒக்டோபரில் பெடரல் றிசேர்வ் எம்-1இன் முக்கியத்துவத்தைக் குறைத்தது. 1987இல் அதற்கு இலக்கு விதிப்பதையே நிறுத்தியது. கட்டுப்பாட்டுக்குக் கருவியாக்கப்படும் புள்ளிவிபர ஒழுங்கு நிலைகுலையும் என பிரித்தானியப் பொருளியலாளர் சாள்ஸ் குட்ஹார்ட் 1975இலேயே எடுத்துரைத்திருந்தார்.

2020இல் வரையறை மீண்டும் மாறியது. சேமிப்புக் கணக்குகளின் மாதாந்த மாற்றல்களுக்கிருந்த வரம்பு ஏப்ரலில் நீக்கப்பட்டது. அவ்வைப்புக்கள் மே மாதம் முதலான எம்-1இல் சேர்க்கப்பட்டன. ஏறத்தாழ 5 இலட்சம் கோடி டொலராயிருந்த தொகை ஒரே மாதத்தில் 16 இலட்சம் கோடிக்கு மேலாயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் பணம் உண்மையாகவே பெருகியதெனினும், இத்தாவலின் பெரும்பகுதி வரையறையால் விளைந்ததேயாகும்.

இவற்றால் ஒடுங்கிய பண நிரம்பல் பயனற்றதென முடிவுசெய்தல் பொருந்தாது. பெருமந்த காலத்துப் பணச்சுருக்கம் போன்ற பேரழிவுகளை உணர்த்தவல்லன பண அளவீடுகளே. எனினும், வரையறையையும் சட்டத்தையும் மக்களின் வழக்கத்தையும் ஒருங்கே நோக்காது எண்ணை மட்டும் நோக்குவோர், கணக்கேட்டின் மாற்றத்தைப் பொருளாதாரத்தின் மாற்றமெனக் கொள்வர். அத்தவறு கொள்கையாகும்போது அதற்குரிய விலையைச் செலுத்துவோர் கணக்கிட்டோரல்லர்.