கன்னியாவின் ஏழு கிணறுகள்

கல்வராயன் மலையில் கரியாலூரைச் சுற்றி ஓடும் நீரெல்லாம் குளிர்ந்த நீர். மேகம் அருவியிலோ பெரியார் அருவியிலோ மார்கழியில் தலை நனைத்தவர் நடுங்கிக்கொண்டே கரையேறுவர். அம்மலையின் பாறை சார்னகைட் என்னும் மிகப் பழைமையான இனத்தைச் சேர்ந்தது. கடலுக்கு அப்பால் இலங்கையின் மலைநாட்டிலும் அதே இனப் பாறை பரந்து கிடக்கிறது. இரு நிலங்களும் ஒரு காலத்தில் ஒன்றாயிருந்தன என்பதற்கு அதுவும் ஒரு சான்று. ஆயினும் அந்தத் தீவில் சில இடங்களில் பழம்பாறைகளின் பிளவு வழியே வெந்நீர் வெளிவருகிறது. அவற்றுள் தமிழர் நெஞ்சில் நெடுங்காலமாக இடம் பெற்றது திருகோணமலைக்கு வடமேற்கே, அனுராதபுரம் செல்லும் சாலையருகே உள்ள கன்னியா.

வெந்நீர் என்றதும் எரிமலையை நினைப்பது இயல்பு. இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகளில் மெல்ல இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் ஆழத்திற்கு ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை வெப்பம் கூடும். அவ்வாறு சூடேறிய நீர் வேறொரு பிளவைப் பற்றி ஆறுவதற்கு முன்பே மேலேறி விடுகிறது.

கன்னியாவில் அது ஏழு சிறிய சதுரக் கிணறுகளில் தேங்குகிறது. ஒன்றுக்கொன்று சில அடித் தொலைவுதான். எனினும் ஒவ்வொன்றின் சூடும் சற்றே வேறு. கிணற்றுக்குள் எவரும் இறங்குவதில்லை. வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதே அங்குள்ள குளியல்.

இவ்வூற்றுகளுக்கு மக்கள் சொல்லும் கதை இராவணனுடையது. திருக்கோணமலைக் குன்றைத் தன் தாய்க்காகப் பெயர்த்தெடுக்க முயன்றவன், அத்தாய் இறந்த செய்தி கேட்டு, அவளுக்கு நீர்க்கடன் ஆற்ற விழைகிறான். அவனே நிலத்தில் ஏழிடத்தில் ஊன்றினான் என்பர் சிலர். முதிய வேதியராய் வந்த திருமால் தம் தண்டால் ஊன்றினார் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் பத்துத் தலை வேந்தன் இங்கே தாயை இழந்த மகனாக மட்டுமே நிற்கிறான். காப்பியத்தில் நாம் அறிந்த இராவணனைவிட இந்த இராவணன் நமக்கு நெருக்கமானவன் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இறந்தோருக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு செய்யவும், ஆடி அமாவாசையில் நீத்தாரை நினைக்கவும் சைவத் தமிழர் இங்கு வருவது அக்கதையை ஒட்டியே.

யோவான் நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் வரும் பெத்சதா குளத்தருகே நோயுற்றோர் காத்துக் கிடந்தனர். கன்னியாவில் அவ்வாறன்று; இங்கு வந்தோரில் பெரும்பாலோர் துயருற்றோர்.

நம் வரலாற்றோடும் இவ்விடத்திற்கு ஒரு கசப்பான தொடர்பு உண்டு. 1620களில் போர்த்துக்கேயர் திருகோணமலைக் குன்றின்மேல் இருந்த கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். சிலுவையைக் கொடியில் தாங்கி வந்தவர்களின் செயல் அது. கத்தோலிக்கராகிய நாம் இதை மறைத்துவிட்டுக் கன்னியாவைப் பற்றிப் பேசுதல் நேர்மையாகாது.

பின் வந்த ஐரோப்பியர் வெப்பமானியோடு வந்தனர். ரெய்னோ என்னும் பிரெஞ்சுக்காரர் ஊற்றுநீர் ஓடையில் இரு மீன்களைப் பிடித்து, இயற்கையியல் அறிஞர் குவியேவுக்கு அனுப்பினார். அப்போது நீரின் வெப்பம் 115 பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 46 செல்சியஸ், என்று ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை நூலில் குறிக்கிறார். பருவத்திற்கேற்ப அது 85 பாரன்ஹீட் வரை இறங்கும் என்பதும் அவர் தரும் குறிப்பே. வெந்நீரில் வாழ்வன என்பதால் அம்மீன்களுக்குத் ‘தெர்மாலிஸ்’ என்று பெயரிட்டனர். அவற்றுள் ஒன்று கடற்கரையோரம் வாழும் இனம் என்பது பின்னர் தெளிவாயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை.

1983க்குப் பின் மூண்ட போரில் இப்பகுதிக்கு வருவோர் அருகினர். 2009இல் போர் முடிந்ததும் சாலைகள் திறந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்தனர். அதனோடு உரிமை வழக்கும் வந்தது. தொல்லியல் துறை இவ்விடத்தைப் பண்டைய பௌத்த மடமொன்றின் எச்சமாகக் கருதியது. 2011இல் இது காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. கிணறுகளின் அருகே இருந்து அழிந்த பிள்ளையார் கோயிலின் அடித்தளத்தில் விகாரை எழுப்ப முயற்சி நடந்தபோது, 2019 சூலையில் தமிழர் அமைதிப் போராட்டம் நடத்தினர். வழிபடச் சென்றோர் தடுக்கப்பட்டனர். முதிய சைவத் துறவி ஒருவர்மீது சூடான தேநீர் வீசப்பட்டது. அதே மாதம் திருகோணமலை உயர் நீதிமன்றம் விகாரைப் பணிக்கு இடைக்காலத் தடை விதித்து, அடியார்களின் வழிபாட்டிற்கு இடையூறு கூடாது என்று ஆணையிட்டது.

மண்ணுக்குள் பண்டைய பௌத்தச் சின்னங்கள் கிடைக்குமாயின் அவற்றைக் காத்தல் அரசின் கடமையே. தமிழருள்ளும் பௌத்தம் தழைத்த காலம் உண்டு. ஆனால் அகழ்ந்தெடுத்த செங்கல்லுக்கு உரிய மதிப்பு, தாய்க்குக் கடன் தீர்க்க வாளியோடு நிற்கும் மகனுக்கும் உண்டல்லவா? கோணேசர் கோயிலின் கற்களைக் கோட்டையாக்கியவர்களின் சமயத்தைச் சார்ந்த நாம் இவ்வினாவைச் சற்றுத் தாழ்ந்த குரலில்தான் கேட்க முடியும்.